கல் நாயின் கால்கள்

அன்று காலை தெருவில் இருந்தவர்கள்: நான், உயரம் அளக்கும் மட்டக்கோலைப் பிடிக்கும் இருசப்பன், காண்டிராக்டரின் மேஸ்திரி கண்ணுசாமி, அவர் கூட்டி வந்திருந்த கொத்தனார்கள், சித்தாள்கள். இல்லாதவர் எங்கள் ஓவர்சியர். மட்டம் பார்க்கும் கருவியும் இல்லை. அதைப் பெட்டியோடு அவர் விழுப்புரம் ஆபீசுக்கு எடுத்துப் போயிருந்தார்.

இந்த மாதம் நம் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு ஒன்றும் தலை நரைத்துவிடவில்லை. இங்கிருந்து அணைக்கட்டு வேலைக்கு மாற்றலாகிப் போகிறேன், அவ்வளவுதான். போகிறவன் எதையாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்கள். மட்டம் பார்ப்பது எப்படி என்று சொல்லப் போவதில்லை. அதைப் பயிற்சியிலேயே படித்திருப்பீர்கள். நீங்கள் மீட்டரில் படித்தீர்கள், நாங்கள் அடியிலும் அங்குலத்திலும் வேலை பார்த்தோம். கணக்கு மாறிவிட்டது. கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லாத நேரத்தில் தெருவில் தனியாக நிற்பது மட்டும் மாறவில்லை.

வேலை திண்டிவனத்தில். பழைய ஊரின் நடுவில் ஒரு நீளமான தெருவுக்கு வடிகால் கட்ட வேண்டும். நான் வேலையில் சேர்ந்த புதிது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா முகையூர் பக்கம் பிறர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தார். எங்களுடையது கூரை வீடு. வருஷத்துக்கு ஒரு முறை ஓலை மாற்றுவோம். அதனால் ஒரு கட்டடம் நூறு வருஷம், இருநூறு வருஷம் அப்படியே நிற்கும் என்பதே எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது. வேலை முடிந்த பிறகு மற்றவர்கள் அறையில் சீட்டு ஆடுவார்கள். எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. தெருத் தெருவாகச் சுற்றுவேன்.

திண்டிவனத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். செஞ்சிக்குப் போகிறவர்கள் பஸ் மாறுகிற ஊர் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. நிமிர்ந்து பார்த்தால் தெரியும். ஒரு வீட்டு மாடியில் இரும்புக் கிராதி, அதில் திராட்சைக் கொடி சுற்றிச் சுற்றி ஓடும். புதுச்சேரியிலிருந்து வண்டி கட்டிக் கொண்டுவந்திருப்பார்கள். ஒரு சத்திரத்தின் கூரை முழுவதும் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கித் தேக்கு விட்டங்களின் மேல் நிறுத்தியிருந்தார்கள். கீழே படுத்துப் பார்த்தால் மேலே ஒரு பாய் விரித்தது மாதிரி இருக்கும். பள்ளிவாசலின் இரண்டு சிறிய மினார்களும் கீழே குடம் போல உருண்டு மேலே மொட்டாகக் கூம்பியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் போனால் ஜங்ஷனில் ரயிலை விட்டுவிட்டு இரும்புத் தூண்களின் உச்சியில் வார்த்திருந்த இலைகளை எண்ணிக்கொண்டு நிற்பேன். ஒன்றைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்தது எங்கே என்று மனம் பரபரக்கும். இன்னும் எத்தனை தெரு பாக்கி, எத்தனை வாசல் பாக்கி என்றே இருக்கும்.

ஒரு நாள் இருசப்பனோடு போகும்போது ஒரு பெரிய வீட்டு வாசலில் மரத்தூண்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். தூணின் தலையில் குடைந்த தாமரை, அதற்கு மேல் இரண்டு பக்கமும் வளைந்து தொங்கும் வாழைப்பூ. வீட்டுக்காரர் வெளியே வந்தார்.

“இன்னாப்பா, இன்னா பாத்துக்கினு நிக்கிற?”

“தூணைப் பாக்கறேங்க.”

“தூணுல இன்னா கீது பாக்கறதுக்கு? எந்த ஊரு நீ?”

“முகையூர் பக்கங்க.”

“முகையூர் பக்கம்னா? அங்க எந்தத் தெரு?”

இந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இருசப்பன் தோளில் இருந்த மட்டக்கோலைத் தரையில் ஊன்றினார்.

“சாரு கவர்மெண்டு. காவா வெட்டறதுக்கு உங்க தூணு குறுக்க வருதா, இடிக்கணுமான்னு பாத்துக்கினு கீறாரு.”

வீட்டுக்காரருக்கு முகமே மாறிவிட்டது. “அய்யய்யோ, உள்ள வாங்க சார். வெயில்ல நின்னுக்கினு கீறீங்களே. ஒரு சொம்பு மோரு சாப்பிடுங்க.”

உள்ளே முற்றத்தைச் சுற்றிலும் இன்னும் பன்னிரண்டு தூண்கள் இருந்தன. மோரைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். தெருமுனை திரும்பியதும் இருசப்பன், “தூணு தப்பிச்சுதா சார்?” என்றார். அன்றிலிருந்து ஊர் சுற்றப் போகும்போதும் மட்டக்கோலை எடுத்துக்கொண்டே போனோம். அந்தக் கோல் கையில் இருந்தால் எந்தத் தெருவிலும் நடக்கலாம், எந்த வாசலிலும் நிற்கலாம். என் அப்பா தலையைக் குனிந்து வேகமாகக் கடந்த தெருக்களில் நான் தலையை நிமிர்த்தி மெதுவாக நடந்தேன்.

தெருவின் மேல்முனையில், தேர் திரும்பும் மூலையில், நாலுகால் மண்டபம் ஒன்று இருந்தது. அதன் படிக்கல் ஒன்று தெருப் பக்கமாகக் கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும். அந்தக் கல்லின் முகப்பில் ஒரு குதிரை வீரன். கையில் ஈட்டி. குதிரையின் வயிற்றுக்குக் கீழே, ஒரு சாண் இடத்தில், ஒரு நாய் ஓடிக்கொண்டிருக்கும். வீரனை யார் வேண்டுமானாலும் செதுக்குவார்கள். அவனோடு ஓடிவரும் நாயை, அதன் நாலு கால்களையும் தனித்தனியாக, விரல் நகம் தெரியச் செதுக்கியவன் யாரோ, அவன் மேல் எனக்குத் தனிப் பிரியம். தினமும் காலையில் வேலை தொடங்குமுன் அந்த நாயைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

அந்தக் கல்லின் தலையில்தான் ஓவர்சியர் எங்கள் பெஞ்ச்மார்க்கை வைத்திருந்தார். தெருவில் உள்ள எல்லா உயரத்தையும் எங்கிருந்து அளக்கிறோமோ, அந்த அசையாத புள்ளிக்கு அப்படிப் பெயர். பழைய ஊரில் வேலை செய்பவர்கள் எல்லோரும் கல் கட்டடத்தைத்தான் தேடுவார்கள். மண்டபம் கல், படி கல், நூறு வருஷமாக நிற்கிறது, வேறென்ன வேண்டும்? ஓவர்சியர் சிவப்புப் பெயிண்டில் ஒரு அம்புக்குறி போட்டு, “இது எடம் மாறணும்னா பூகம்பம் வரணும்டா” என்றார். நல்ல மனிதர். வெயிலில் தொப்பியைக் கழற்றி எனக்குக் கொடுத்துவிட்டுத் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வார். ஆனால் நான் கட்டடங்களைப் பார்த்து நிற்பது அவருக்குப் பொறுக்காது. “கல்லைப் பாக்காத, கோலைப் பாரு” என்று அதட்டுவார்.

வடிகாலின் கீழ்ப்பாதியை முதலில் கட்டி முடித்தோம். தெருவின் நடுவில், அந்தப் பாதி முடிகிற இடத்தை ஒட்டினாற்போல, பள்ளத்தில் இருபது முப்பது கூரை வீடுகள். மழை வந்தால் மேல்தெருத் தண்ணீர் முழுவதும் அங்கே வந்து நிற்கும். செங்கேணி என்ற அம்மாள் தினமும் சித்தாள் வேலைக்கு வருவார். அவருடைய வீடு அங்கேதான்.

“இந்த வருசமாச்சும் எங்க அடுப்புல தண்ணி ஏறாம இருக்குமா சார்?” என்று கேட்பார்.

“ஏறாதும்மா. அதுக்குத்தானே கட்டறோம்.”

“போன சார் வந்தப்பவும் இப்டித்தான் சொன்னாரு. அவுரு வெறும் பேப்பர்ல கோடு போட்டுக்கினு பூட்டாரு.”

கீழ்ப்பாதி முடிந்த சமயம் தேர்த்திருவிழா வந்தது. வேலையை நிறுத்தினார்கள். நான் ஊருக்குப் போனேன். திரும்பி வந்ததும் ஓவர்சியர் அதே கல்லிலிருந்து மட்டம் எடுத்து, மேல்பாதிக்கு உயரம் காட்டும் முளைகளை அடித்தார். பள்ளம் வெட்டி முடிந்தது. மறுநாள் இன்ஜினியர் வந்து பார்க்கும்போது அடித்தளக் கான்கிரீட் போட்டிருக்க வேண்டும் என்று உத்தரவு. ஓவர்சியர் ஆபீஸ் கூட்டத்துக்கு விழுப்புரம் கிளம்பும்போது, “முளை எல்லாம் சரியா கீது. கண்ணுசாமி பாத்துப்பான். நீ சும்மா கூட நின்னா போதும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சும்மா நிற்க எனக்கு எப்போதும் தெரியாது. திரும்பி வந்ததிலிருந்து வேலை அவசரத்தில் மண்டபத்துப் பக்கம் போகவே முடியவில்லை. அன்று கொத்தனார்கள் ஜல்லி கலக்க ஆரம்பிக்கும் நேரத்தில் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். வீரன் இருந்தான். குதிரை இருந்தது. நாயின் முதுகும் வாலும் இருந்தன. கால்களைக் காணோம்.

குனிந்து மண்ணை விரலால் தோண்டினேன். உள்ளே நகங்கள் தட்டுப்பட்டன. தேரோட்டத்தில் மண் கொட்டித் தெரு மேடாகிவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் பக்கத்துத் தூணின் அடியில் இருந்த பூ இதழ்கள் எப்போதும் போல முழுதாகத் தெரிந்தன. மண் ஏறவில்லை. கல்தான் இறங்கியிருந்தது.

எதிரில் பாய் டீக்கடை. ஓடிப்போய்க் கேட்டேன்.

“பாய், திருவிழாவுல அந்தப் படிக்கல்ல யாராச்சும் தொட்டாங்களா?”

“தொடாம? வருசா வருசம் எடுக்கறதுதானே தம்பி. அது கீறப்ப தேர் எப்டித் திரும்பும்? சக்கரம் இடிக்கும்ல. மொத நாளு கடப்பாரை போட்டு நெம்பி எடுத்து என் கடை வாசல்லதான் போடுவாங்க. தேர் போனதும் திரும்ப உருட்டிக்கினு போயி வெச்சுடுவாங்க.”

“வெக்கறப்போ அதே உயரத்துல வெப்பாங்களா?”

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அது படிக்கல்லுப்பா. இன்னா, கண்ணாடி பீரோவா?”

கணக்கு எளிது. கல் இறங்கியிருந்தால், அதிலிருந்து அளந்து அடித்த முளைகள் எல்லாமும் அதே அளவுக்கு இறங்கியிருக்கும். மேல்பாதி வடிகால் முழுவதும் பள்ளமாக வரும். கீழ்ப்பாதியோ பழைய உயரத்தில் கட்டி முடிந்தது. இரண்டும் சேரும் இடத்தில் தண்ணீர் மேடு ஏற வேண்டும். தண்ணீர் ஏறாது, நின்று பக்கத்தில் வழியும். பக்கத்தில் இருந்தது செங்கேணியின் வீடு.

எளிதான கணக்குதான், ஆனால் நிரூபிக்கக் கருவி இல்லை. மேஸ்திரியிடம் இருந்த நூலும் ரசமட்டமும் ஒரு சுவருக்குப் போதும். ஒரு தெருவுக்குப் போதாது. என்னிடம் இருந்த சாட்சி ஒரு நாய்.

நான் திரும்பி ஓடி வந்தபோது முதல் கலவையில் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள்.

“மேஸ்திரி, நிறுத்துங்க. கான்கிரீட் போட வேணாம்.”

“இன்னா சார், மழை வருதா?” கண்ணுசாமி வானத்தைப் பார்த்தார்.

“மட்டம் தப்பா இருக்கும்னு நெனைக்கறேன்.”

“நெனைக்கிறியா, தெரியுமா?”

“மண்டபத்துக் கல்லு இறங்கியிருக்கு. நாய் கால் தெரியல.”

அவர் கொத்தனார்களைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டுக்கினீங்களாடா? நாய் கால் தெரியலயாம். வேலைய நிறுத்தணுமாம்.” எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன், “நாயி ஊட்டுக்குப் போயிருக்கும் சார், சாயங்காலம் வந்துடும்” என்றான்.

பிறகு மேஸ்திரி சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்தார். “தம்பி, சிமெண்டு பர்மிட்டுல அளந்து குடுக்கற சரக்கு. தண்ணி ஊத்திட்டா காத்துக்கினு இருக்காது. நாளைக்கு இன்ஜினியர் வர்றாரு. ஓவர்சியர் அடிச்ச முளைய நீ தப்புன்னு சொல்ற. நேத்து வந்த புள்ள நீ. உன் வேலை போயிடும், பேஜாரா பூடும். ஜல்தியா ஒண்ணு சொல்லு. போடவா, வேணாவா?”

அவர் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. இந்த வேலை போனால் நான் முகையூருக்குத் திரும்ப வேண்டும். அப்பா யாரிடமும் முகம் காட்ட முடியாது. என் வேலைதான் அங்கே எங்கள் தெருவுக்கே பேச்சாக இருந்தது. நான் இருசப்பனைப் பார்த்தேன். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். இது உன் பாடு என்று அர்த்தம். செங்கேணி தலையில் ஜல்லிக் கூடையோடு நின்றார். அவருக்கு நாங்கள் பேசியது எதுவும் புரிந்திருக்காது. கூடையை எங்கே கொட்டுவது என்று மட்டும் காத்திருந்தார்.

“போட வேணாம்” என்றேன். மறுபடி சொன்னேன். பள்ளத்துக்குள் இறங்கி நின்றுகொண்டேன், என் மேல் கொட்டினால்தான் உண்டு என்பது போல.

மேஸ்திரி கொத்தனார்களுக்குக் கையைக் காட்டி நிறுத்தினார். “சரி. ஆனா இந்தக் கலவை இன்னா ஆவறது? என் தலையில கொட்டிக்கவா?”

நான் யோசிக்கவில்லை. “எங்கயாச்சும் கொட்டுங்க.”

அவர் தெருமுனைப் பக்கம் பார்த்தார். பாய் கடை வாசல் எப்போதும் சேறு. “பாய், உனக்கு யோகம்டா!” என்று கத்தினார். கொஞ்ச நேரத்தில் டீக்கடைக்கு அரசாங்கச் செலவில் வழவழவென்று ஒரு தரை வந்துவிட்டது. ஆட்கள் நிழலில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். பாய் காசு வாங்கவில்லை.

ஓவர்சியர் வரும் வரை ஊரைச் சுற்றினேன். சத்திரத்துப் பக்கம் போனேன், பள்ளிவாசல் பக்கம் போனேன், கிராதி வீட்டைத் தாண்டினேன். அன்று ஒன்றும் கண்ணில் படவில்லை. எல்லாச் சுவரும் ஒரே சுவராக இருந்தது. கல் முன்பே அப்படித்தான் இருந்ததோ, நாயின் கால்களை நானே மனதில் வரைந்துகொண்டேனோ என்று சந்தேகம் வந்தது. மூன்று முறை திரும்பிப் போய் மண்ணைத் தோண்டிப் பார்த்தேன்.

சாயங்கால பஸ்ஸில் ஓவர்சியர் இறங்கினார். காலிப் பள்ளத்தைப் பார்த்தார். மேஸ்திரி முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார், நாயையும் சேர்த்து.

“ஏண்டா, கல்லைப் பாக்காதன்னு உனக்கு எத்தினி தடவ சொல்லிக்கீறேன்?” என்று தெருவே கேட்கக் கத்தினார். “என் முளைய நிறுத்த நீ யாரு? நாளைக்கு இன்ஜினியர் கேட்டா இன்னா சொல்லுவ? நாய் வரலன்னு சொல்லுவியா?”

நான் தேர் திரும்புவதைச் சொன்னேன். கடப்பாரையைச் சொன்னேன். அவர் நேராக மண்டபத்துக்குப் போய்க் கல்லைக் காலால் அழுத்திப் பார்த்தார். அது லேசாக ஆடியது. இருட்டிவிட்டதால் கருவியை வைக்க முடியவில்லை.

விடிந்ததும் கீழ்ப்பாதி வடிகாலின் முடிவிலிருந்து மட்டம் எடுத்துக்கொண்டு மேலே வந்தோம். இருசப்பன் கடைசியாகக் கல்லின் மேல் கோலை நிறுத்தினார். ஓவர்சியர் கருவியிலிருந்து கண்ணை எடுக்காமல் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். மூன்று அங்குலம் இறங்கியிருந்தது.

“பூகம்பம் வந்துக்குதுடா” என்றார். தன் கையாலேயே அந்த அம்புக்குறியைச் சுரண்டி அழித்தார். படியை விட்டு உள்ளே தள்ளி, மண்டபத்தின் தூணடியில் புதிதாக ஒன்று போட்டார். முளைகளை எல்லாம் பிடுங்கி மறுபடி அடித்துக்கொண்டிருக்கும்போதே ஜீப் வந்துவிட்டது.

இன்ஜினியர் இறங்கியதும் முதல் கேள்வி: “கான்கிரீட் எங்கேய்யா?”

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஓவர்சியர் முன்னால் போய் நின்றார். “பெஞ்ச்மார்க் அசைஞ்சிட்டுது சார். கல்லை நான்தான் தேர்ந்தெடுத்தேன். இவன் பார்த்து நிறுத்திட்டான்.”

“எதை வைத்து நிறுத்தினான்? கருவி உங்களிடம் அல்லவா இருந்தது?”

ஓவர்சியர் தயங்கினார். “கட்டடம் பாக்கிற பையன் சார் இவன்” என்றார்.

இன்ஜினியருக்கு அது பதிலாகத் தெரியவில்லை. கான்கிரீட்டை மறுநாள் போடச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். போகும்போது, “எழுத்தில் உத்தரவு இல்லாமல் வேலையை நிறுத்தக் கூடாது, தெரியுமா?” என்று என்னிடம் சொன்னார். தெரியும் என்றேன்.

ஐப்பசி மழை அந்த வருஷம் பலமாகப் பெய்தது. நானும் இருசப்பனும் நனைந்துகொண்டே போய்ப் பார்த்தோம். இரண்டு பாதியும் சேரும் இடத்தில் தண்ணீர் நிற்காமல் ஓடியது. செங்கேணி வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, “இன்னா சார், மழையில சுத்திக்கினு கீறீங்க? ஜொரம் வந்துடும், போங்க” என்று துரத்தினார்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். பழைய ஊரில் வேலை கிடைத்தால் நிமிர்ந்து பாருங்கள், சுற்றுங்கள், யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஒன்றைப் பிரியமாகப் பார்த்தவனுக்குத்தான் அது மாறினால் தெரியும். ஆனால் நம் கண்ணுக்கு அசையாததாகத் தெரிகிற கல்லை அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று அவர்களிடம் கேட்டுவிடுங்கள். கட்டடம் அவர்களுடையது, தினமும் அதோடு அவர்களுக்கு வேலை இருக்கிறது. சந்தேகம் வந்தால், கையில் நிரூபணம் இல்லாவிட்டாலும், நிறுத்துங்கள். நிறுத்தியது சரி என்று தெரிந்த பிறகு யாராவது தட்டிக்கொடுப்பார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

முளையை மாற்றி அடித்த செலவை ஆபீஸ் ஒப்புக்கொண்டது. உத்தரவில்லாமல் ஆட்களை உட்கார வைத்த அன்றைய கூலியை ஒப்புக்கொள்ளவில்லை. டீக்கடை வாசலில் கொட்டிய சிமெண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு எந்தத் தலைப்பில் கணக்கு எழுதுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. ஓவர்சியர் பாதி போட்டார், நான் பாதி போட்டேன். மொத்தம் முப்பத்தேழு ரூபாய் எட்டணா.